பெயரிலா இருக்கிறது புண்ணியம்?



குழந்தை பிறந்ததும் வீட்டில் எழும் முதல் விவாதம் பெயரைப் பற்றியதே. பாட்டனார் பெயரா, அர்ச்சியசிஷ்டவர் பெயரா, கேட்க இனிய புதுப் பெயரா என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். நல்ல பெயரை இட்டுவிட்டால் பிள்ளை நல்லவனாகி விடுவானா? பெயருக்கும் மனிதனுக்கும் உள்ள உறவுதான் என்ன? ஆலிவர் என்னும் ஆங்கிலப் பெயரைக் கொண்டு இதைச் சற்றே ஆராய்வோம்.

ஆலிவர் என்பது ஒரு மரத்தை நினைவூட்டும் பெயர். பிரெஞ்சு மொழியில் ஒலிவியே என்றால் ஒலிவ மரம். ஏறக்குறைய 1100-ம் ஆண்டில் எழுந்த 'ரோலாந்தின் பாடல்' என்ற பிரெஞ்சு வீரகாவியத்தில், கதாநாயகனுக்கு விவேகமுள்ள தோழனாய் வருபவனுக்கு இப்பெயர். வடதேசத்துப் பழம்பெயர் ஒன்றே நாளடைவில் ஒலிவ மரத்தின் சாயலைப் பெற்றது என்று சொல்லும் அறிஞரும் உண்டு. வேர் எதுவாயினும், மக்கள் செவியில் விழுந்தது ஒலிவ மரந்தான்.

அந்த மரம் நமக்கு அந்நியமன்று. ஜலப்பிரளயம் வடிந்தபோது புறா நோவாவிடம் கொண்டு வந்தது ஒலிவ இலை. நம் ஆண்டவர் இரத்த வியர்வை சிந்தியது ஒலிவ மலையடியிலுள்ள ஜெத்சேமனித் தோட்டத்தில். அச்சொல்லுக்கே எண்ணெய்ச் செக்கு என்று பொருள். ஞானஸ்நானத்தில் நம் குழந்தையின் உச்சியில் பூசப்படும் கிறிஸ்மா தைலமும் மரபுப்படி ஒலிவ எண்ணெயில் பரிமளம் கலந்து ஆக்கப்படுவது. இதைவிட நல்ல பெயர் ஒரு பிள்ளைக்கு வேண்டுமோ?

ஆனால் சரித்திரம் சொல்வதைக் கேளுங்கள்.

1599-ல் இங்கிலாந்தில் பிறந்தவர் ஆலிவர் கிராம்வெல். வேதாகமத்தை ஊன்றி வாசித்தவர்; ஜெபத்தில் பற்றுள்ளவர். 1649 செப்டம்பரில் அயர்லாந்தின் டிராஹெடா நகரை அவர் பிடித்தபோது, அவருடைய சேனை காவல் வீரரையும் குருக்களையும் நகரத்தாரில் பலரையும் வெட்டி வீழ்த்திற்று. அது சர்வேசுரனுடைய நியாயத்தீர்ப்பு என்றே அவர் எழுதினார்.

1625-ல் அயர்லாந்தில் பிறந்தவர் ஆலிவர் பிளங்கெட். 1654-ல் ரோமையில் குருப்பட்டம் பெற்றார். கிராம்வெல்லின் வெற்றிக்குப் பின் தாய்நாட்டில் குருக்கள் வேட்டையாடப்பட்டதால், ரோமையிலேயே தங்கி வேதசாஸ்திரம் கற்பித்தார். 1669-ல் அர்மா நகரின் அதிமேற்றிராணியாராய் நியமனம் பெற்று, மறு ஆண்டில் நாடு திரும்பினார். இரத்தம் சிந்தப்பட்ட அதே டிராஹெடாவில் சேசுசபைக் குருக்களைக் கொண்டு ஒரு பள்ளியை நிறுவினார். அங்கே கத்தோலிக்கப் பிள்ளைகளோடு புரொட்டஸ்டாண்டுப் பிள்ளைகளும் படித்தார்கள்! பின்பு ராஜத்துரோகி என்று பொய்க் குற்றம் சாட்டப்பட்டு, 1681 ஜூலை 1-ல் லண்டனில் டைபர்ன் என்னும் கொலைக்களத்தில், தமக்கு எதிராய்ப் பொய்ச்சாட்சி சொன்னவர்களை மன்னித்து உயிர் விட்டார். 1975-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளித்தார்.

1658-ல் இறந்த கிராம்வெல்லின் கதை அத்துடன் முடியவில்லை. 1661-ல் பகைவர் அவருடைய பிரேதத்தைத் தோண்டியெடுத்து, அதே டைபர்னில் தூக்கிலிட்டு, தலையை வெஸ்ட்மின்ஸ்டரில் கம்பத்தின்மேல் நாட்டினார்கள். பழிவாங்கும் கைகளுக்கு இறந்தவனும் தப்புவதில்லை. அர்ச். பிளங்கெட்டின் சிரசோ, இன்று டிராஹெடாவில் அர்ச். இராயப்பர் கோவிலில் பக்தியோடு காக்கப்படுகிறது.

ஒரே பெயர், ஒரே நகர், ஒரே கொலைக்களம். எவ்வளவு வேறுபாடு! ஒலிவக்காயைச் செக்கிலிட்டு நசுக்கினாலொழிய எண்ணெய் வராது. ஒரு ஆலிவர் தம்மையே செக்குக்குக் கொடுத்தார். மற்றவர் பிறரைச் செக்கிலிட்டார்.

அப்படியானால் பெயரைப் பற்றிக் கவலையே வேண்டாமா? அப்படியன்று. பிள்ளைக்குக் கிறிஸ்தவப் பெயர் இடப்படும்படி குருவானவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். 1983-ம் ஆண்டுச் சட்டம், கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயரை இடலாகாது என்கிறது. பெயர் தாயத்து அன்று. அது ஓர் அழைப்பு. அழைப்புக்குச் செவிகொடுப்பதோ, காதை மூடிக்கொள்வதோ அவனவன் மனதைப் பொறுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 முதல் 2020 வரை ஆண் குழந்தைகளுக்கு மிகுதியாக இடப்பட்ட பெயர் ஆலிவரே. அத்தனை ஆலிவர்களில் யார் எந்த ஆலிவரைப் பின்செல்வான்? பெயர்ப் பதிவேடு அதைச் சொல்லாது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை சூசையோ, அந்தோணியோ, ஆலிவரோ, அப்பெயரின் கதையை அவனுக்குச் சொன்னதுண்டா? இன்றிரவு ஜெபமாலைக்குப் பின் சொல்லுங்கள். கூடவே மற்றொன்றையும் சொல்லுங்கள். நம் அனைவருக்கும் பொதுவான பெயர் ஒன்று உண்டு: கிறிஸ்தவன். கிராம்வெல்லும் அப்பெயரைத் தாங்கியவர்தாம். அயலானோடு வரப்புச் சண்டை, உடன்பிறந்தாரோடு சொத்துத் தகராறு என்று வரும்போது, அந்தப் பெயரை நாம் எப்படித் தாங்குகிறோம்? மன்னிப்பதற்கா, அல்லது நம் கோபத்துக்குச் சர்வேசுரனைச் சாட்சியாய் இழுப்பதற்கா?