சிக்கனமும் நீதியும்

சிக்கனம் என்பது அறமா, வெறும் கணக்கா? திம்புள்ளையின் தேயிலை மலைகளில் வாழும் நமக்கு இக்கேள்வி புதிதன்று. இங்கே திறன் என்ற சொல் கொழுந்தின் நிறையையே குறித்து வந்திருக்கிறது. நிறை குறைந்தால் அரைப்பேர். உழைப்பவரைப் பிழிந்து மிச்சம் பிடிப்பதே சிக்கனம் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டது. வேறொரு சிக்கனமும் உண்டு. அதை நாம் வடக்கின் கடலோரத்தில் காண்கிறோம்.

யாழ்ப்பாண மாவட்டத்துத் தாளையடியில், 2024 ஆகஸ்ட் மாதம், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்லது அது. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்த பின்னரே கடலை நாடினர். உழவரின் வயலும் காயாமல், யாழ்ப்பாணத்தாரின் நாவும் வறளாமல் இருக்கக் கண்ட வழி இது. ஆனால் கடல், தான் தரும் நன்னீருக்கு மின்சாரத்தை விலையாகக் கேட்கிறது.

மெல்லிய சவ்வினூடே பேரழுத்தத்தில் கடல்நீரைச் செலுத்தினால், உப்புப் பின்தங்க நன்னீர் ஊடுருவும். 1970களின் தொடக்க கால நிலையங்கள் ஒரு கன மீற்றருக்குப் பத்து அலகுக்கு மேல் மின்சாரத்தை விழுங்கின. இன்றைய நல்ல நிலையங்களுக்கு 3 முதல் 4 அலகு போதும். உள்ளே செல்லும் நீரில் பாதிக்கு மேல் உவர்நீராக வெளியேறுகிறது. அதன் அழுத்தமோ பெரும்பாலும் குறைவதில்லை. முன்பு வீணான அந்த அழுத்தத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மீட்டு, புதிதாக வரும் கடல்நீருக்கே ஊட்டும் கருவிகள் இன்று உண்டு. கடல்நீரில் பாதியை நன்னீராக்க ஏறத்தாழ 1 அலகு வேண்டும் என்பது இயற்கையின் விதி. அதற்கு மேற்பட்ட செலவு மனித முயற்சியால் குறையக்கூடியது.

அந்த மின்சாரம் எவருடையது? தேசிய மின்வலையில் நுரைச்சோலையின் நிலக்கரியோடு நம் மலை ஆறுகளும் கலந்திருக்கின்றன. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. சென்கிளேயர் அருவி மெலிந்தது. நாட்டுக்கு ஒளி தந்த மலைகளில் லயங்களுக்கு ஒளி பிந்தியே வந்தது. ஆகவே வீணாகும் ஒவ்வோர் அலகும் எவரோ ஒருவரின் இழப்பு. குழாயில் ஒழுகும் குடிநீரோடு அந்த இழப்பும் ஒழுகுகிறது.

தாளையடியின் முழு உற்பத்தியில் கன மீற்றருக்கு அரை அலகு மிச்சமானால் நாளொன்றுக்கு 12,000 அலகு. மாதம் 60 அலகு செலவிடும் 6,000 வீடுகளுக்கு அது போதும். அம்மிச்சம் இலாபக் கணக்கில் மறையுமானால், மடுவத்துத் தராசுக்கும் அந்தக் கருவிக்கும் வேறுபாடில்லை. ஏழையின் நீர்க்கட்டணத்தைக் குறைத்து, இருண்ட வீட்டில் விளக்கேற்றும்போதே சிக்கனம் அறமாகிறது. கருவியைப் பொறியியலாளர் செய்து தந்துவிட்டார்; அதன் பயனைக் கேட்டுப் பெறுவது மக்களின் கடமை.