உள்ளே எதிர்த்தவர்கள்

ஓர் அரசு வீழ்ந்ததும் அதன் முடிவுகளுக்கு உரியவர் எவருமில்லாது போகும் விந்தையை நாம் கண்டிருக்கிறோம். 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்ய மந்திரிசபை இணங்கியது. மே மாதம் அது வர்த்தமானியில் வெளிவந்தது. நவம்பரில் தடை நீங்கியது. பெரும்போகத்துக்கு விதைத்தவனுக்கோ அது காலங்கடந்த கருணை. பயிர் மஞ்சளித்தது, விளைச்சல் வீழ்ந்தது. 2022 ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடியபின், அன்றைய மந்திரிகளுட் சிலர் அது தனியொருவரின் பிடிவாதமே என்றனர். தாம் உள்ளே எதிர்த்ததாகவும் கூறினர்.

இவ்வாதத்தின் வசதி யாதெனில், அதனைச் சோதிக்க வழியில்லை என்பதே. மந்திரிசபையின் கதவு மூடியது. உள்ளே முணுமுணுத்தவர் வெளியே வந்து அதே முடிவை மேடையிற் புகழ்ந்தாராயின், விவசாயி எந்த வாயை நம்புவது? மந்திரிசபைக்குக் கூட்டுப்பொறுப்பு உண்டு. அதன் நிழலில் அதிகாரத்தையும் வாகனத்தையும் அனுபவித்தவர், வெயில் வந்ததும் தம்மைத் தனி மனிதராகக் காட்டுவது நியாயமன்று.

மனச்சாட்சியுள்ளோர் அனைவரும் விலகினால் துதிபாடிகளே எஞ்சுவர் எனலாம். புறந்தள்ளத்தக்க வாதமன்று இது. ஆனால், இருந்து எதைத் தடுத்தார், எதைக் குறைத்தார் என்று காட்டும் கடமை இருந்தவருக்கே உரியது.

பதவியிலிருக்கும்போதே விலகுவது இந்நாட்டில் நடவாத காரியமுமன்று. 1948 ஆகஸ்டில், மலையகத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய பிரஜாவுரிமைச் சட்டமூலத்தை எதிர்க்கட்சியிலிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் எதிர்த்தார், வர்த்தக மந்திரி சி. சுந்தரலிங்கம் ஆதரித்தார். செப்டெம்பரில் பொன்னம்பலமும் மந்திரியானார். டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான சட்டமூலம் வந்தபோது, அவர் அரசோடு நின்றார். சுந்தரலிங்கமோ வாக்கெடுப்பின்போது சபையிலிருந்து வெளியேறினார். பிரதமர் விளக்கம் கேட்கவே, பதவியைத் துறந்தார்.

முதற் சட்டத்துக்கு அவர் அளித்த வாக்கை இது அழித்துவிடாது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்கு எதிராக அவர் நின்றதை நாம் ஒருபோதும் ஏற்றதில்லை. ஆயினும், அந்த டிசம்பரில் அவர் விலகியது நாற்காலி கையிலிருந்தபோது. 2021இன் பசளைத் தடையை முன்னிட்டு அவ்வாறு எழுந்து சென்ற மந்திரி ஒருவரும் இலர்.