பெயர் சொல்லாத வழிபாடு

கத்தோலிக்கப் பூசையில் பாடப்படும் விசுவாசப் பிரமாணத்தில், திருச்சபையை நம்புகிறேன் என்று அறிக்கையிடும் ஒரு வரி உண்டு. பிரான்ஸ் ஷூபர்ட் லத்தீன் பூசைக்கு ஆறு தடவை இசை எழுதினார். முதலாவதை 1814இல், பதினேழு வயதில், தனக்கு ஞானஸ்நானம் நடந்த லிச்சென்டால் கோயிலுக்காக எழுதினார். கடைசியை எழுதியது 1828இல், இறந்துபோன அதே வருடத்தில். ஆறிலும் அந்த வரி இல்லை. பதினான்கு வருடம் ஒரே இடத்தில் ஒருவர் வாயை மூடிக்கொள்கிறார் என்றால் அதை மறதி என்று தள்ளிவிட முடியாது. அதே 1828இல், வியன்னாவின் யூத ஆலயத்துக்காக 92ஆம் சங்கீதத்துக்கு எபிரேய மொழியிலேயே இசையமைத்தும் கொடுத்திருக்கிறார். இவரை விசுவாசி என்பதா, விசுவாசம் இல்லாதவர் என்பதா? எனக்கு இரண்டுமே பொருந்தவில்லை.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். மாத்தளை முத்துமாரியம்மனின் மாசி மகத் தேர்களைப் பார்த்து வளர்ந்தேன். பாட்டென்றால் அது யாருக்காவது போய்ச் சேர வேண்டும் என்பதே எங்கள் வீட்டு நம்பிக்கை. கீர்த்தனை முடியுமுன் சாமியின் பெயர் வந்துவிடும். ஷூபர்ட் வியன்னாவில் கண்மூடியபோது திருவையாற்றில் தியாகராஜருக்கு வயது அறுபத்தொன்று. அவருக்குத் தான் யாரைப் பாடுகிறோம் என்பதில் ஐயமே இல்லை. ராமன் எதிரில் நிற்பதாகவே பாடினார். இங்கே, முப்பத்தொரு வயது நோயாளி ஒருவர் எழுதிவைத்த பியானோ சொனாட்டாவில் வார்த்தையும் இல்லை, பெயரும் இல்லை. அதைக் கேட்கும்போது கோயிலில் நிற்பதுபோல் எனக்குக் கை கூம்புகிறதே, ஏன்?

என் அப்பா ரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில், துரையின் பங்களாவில் அப்புவாக, அதாவது வீட்டு வேலையாளாக, இருந்தார். அந்தப் பங்களாவில் பியானோ இருந்தது. மழைக்காலத்தில் பனியும் ஈரமும் ஏறி மரம் உப்பிவிடும், கட்டைகள் அமுக்கினால் எழும்பாது, கம்பி துருப்பிடிக்கும். அதனால் பியானோவின் வயிற்றுக்குள் ஒரு மின்குமிழைத் தொங்கவிட்டு இரவு பகலாக எரியவைப்பார்கள். அதைக் கவனித்துக்கொள்வது அப்பாவின் பொறுப்பு. துரைசாணி வாசிக்கும் மெட்டுகளில் ஒன்றை அவர் விறகு பிளக்கும்போது முனகுவார். தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, துரைமார் போய்ப் பல வருடங்களான பிறகு, இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் அதே மெட்டைக் கேட்டேன். ஷூபர்ட் என்றார்கள். அன்றிலிருந்து அவரை விடவில்லை.

ஷூபர்ட் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. தன் அப்பாவின் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டே பாட்டு எழுதியவர். நானும் படிப்பித்தவள் என்பதால் அந்த வேலைக்கு நடுவே அவர் எழுதிக் குவித்ததை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. தன் படைப்புகளை மட்டும் வைத்து அவர் நடத்திய கச்சேரி வாழ்நாளில் ஒன்றே ஒன்று, 1828 மார்ச் 26இல். அதற்குச் சில வருடங்கள் முன்பே மேகநோய் பிடித்துவிட்டது. இனி விழிக்கவே கூடாது என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு இரவும் படுக்கப் போவதாக 1824இல் ஒரு நண்பருக்கு எழுதினார். அப்படி எழுதியவர் 1828 செப்டெம்பரில் மூன்று பெரிய பியானோ சொனாட்டாக்களை முடித்து வைத்தார். நவம்பர் 19இல் இறந்தார். அவை அச்சேறியது 1839இல்.

மூன்றில் கடைசி, பி பிளாட் மேஜர். தோத்திரம் பாடுவதுபோல் ஒரு மெட்டு நிதானமாகத் தொடங்குகிறது. இரண்டு கைகளும் அருகருகே, அவசரமே இல்லாமல். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைக்கும்போது இடது பக்கத்தின் அடியில், மிக மெல்லிய சத்தத்தில், ஒரு நடுக்கம் கேட்கிறது. அந்த மெட்டுக்குச் சொந்தமில்லாத ஒரு சுரம் துடித்து அடங்குகிறது. பிறகு மௌனம். பிறகு, ஒன்றும் நடக்காததுபோல் அதே மெட்டு.

அந்த நடுக்கம் என்னவென்று எனக்கு விளங்கியது ரிவர்ஸ்டனில். ரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புர போகும் பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் கணவாயில் இருக்கிறது அந்த இடம். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம். ஓயாத காற்றில் மரங்களெல்லாம் குட்டையாக, முறுகி நிற்கும். வளைவு திரும்புமுன் காற்று மேலே படாது. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் அது உறுமுவது கேட்கும். இரண்டடி வைத்தால் ஆளைத் தள்ளிவிடும். ஷூபர்ட்டின் அடிச்சுரம் அந்த வளைவுக்கு முந்திய உறுமல். வரப்போவது தெரிந்தும் மனிதர் தோத்திரத்தை நிறுத்தவில்லை. பயத்தை மறைக்கவில்லை, பயத்தைப் பெரிதாக்கவும் இல்லை. என் கணக்கில் பக்தி என்பது இதுதான்.

என் அண்ணன் இதை ஏற்பதில்லை. "பேரு சொல்லாம கும்பிட்டா யாருக்குப் போய்ச் சேரும் தங்கச்சி?" என்று கேட்டார். நான் மல்லாரியைச் சொன்னேன். சாமி புறப்படும்போது நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரிக்குச் சாகித்தியமே கிடையாதே! "சரி, ஆனா அங்க சாமி எதிர்ல இருக்கே" என்றார். அது நியாயமான பதில். பல நாள் என்னை அலைக்கழித்தது. வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் எதிரில் யார் என்று தெரிந்த பிறகு வார்த்தை எதற்கு? ஷூபர்ட்டின் எதிரில் யாரும் இல்லை. அல்லது யார் என்று அவர் சொல்லவில்லை.

2023இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் ஒன்று நடந்தது. கோப்பித் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் கால்நடையாகக் கடந்த காட்டுப் பாதையின் நினைவாக. அந்த வரவு தொடங்கியது 1820களில். ஷூபர்ட் உயிரோடு இருந்த காலம். கொலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். நடந்தவர்கள் ஆகஸ்டில் மாத்தளை வந்து சேர்ந்த பின்னர் ஒரு நாள் அண்ணனிடம் கேட்டேன்: "அந்தப் பாதையில செத்தவங்களுக்குத் திதி குடுக்கணும்னா எந்தப் பேரச் சொல்லிக் குடுப்பீங்க?" திதிக்குப் பெயர் வேண்டும், கோத்திரம் வேண்டும். அவர்களுடைய பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. அண்ணன் பேசவில்லை.

அப்போதுதான் அந்த சொனாட்டாவின் இரண்டாம் பகுதியை அவருக்குப் போட்டுக் காட்டினேன். சி ஷார்ப் மைனர். நடுவில் பாட்டு மெல்ல நகர, இடது கை கீழிருந்து எழும்பி, வலது கையைத் தாண்டி மேலே போய்த் திரும்புகிறது. விடாமல், ஒரே அளவாக. பெயர் தெரியாதவர்களுக்கான வழிபாட்டில் பெயர் இருக்க முடியாது. பெயர் வைத்துப் பாடினால் அது நான் அறிந்தவர்களோடு நின்றுவிடும். வார்த்தை இல்லாததால்தான் வியன்னாக்காரர் ஒருவரின் துக்கத்துக்குள் மன்னார்க் காட்டில் கிடந்தவர்களுக்கும் இடம் கிடைக்கிறது. இதை ஷூபர்ட் நினைத்து எழுதினார் என்று சொல்லவில்லை. இடம் இருக்கிறது என்கிறேன்.

முடிவில் அந்த மைனர் மேஜராக மாறும். அண்ணன் அதை மோட்சம் என்றார். நான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு உறுதி அந்த இசையில் இல்லை. ஆடி அமாவாசை அன்று அப்பாவுக்குப் பெயர் சொல்லித் திதி கொடுத்து முடித்ததும், அந்தப் பகுதியை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறோம். மோட்சமா இல்லையா என்ற வாதம் சோற்றுக்கு முன்னால் மறுபடி தொடங்கிவிடும்.