கரணமும் கர்த்தாவும்

இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள், சற்றே நகர்த்தினாலும் திரையின் விளிம்புக்குப் பாய்ந்தும், சில வேளை அசைவற்று நின்றும் என் மவுஸ் சேஷ்டை செய்தபோது, குற்றம் கரணத்தினுடையதா, அதனை ஏவும் கர்த்தாவினுடையதா என்ற பழைய தர்க்கம் நினைவுக்கு வந்தது. 1968-ல் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பர்ட் உலகறியக் காட்டிய நாள் முதலாக, மவுஸ் தன் அசைவைப் பற்றி அறிவிப்பது, பெயர்ந்த தூரத்தையும் திசையையும் மாத்திரமே. அதற்கு அர்த்தம் கற்பித்துத் திரையிலுள்ள அம்பை நகர்த்துவது உள்ளிருக்கும் மென்பொருள். ஆயினும், நான் முதலில் செய்தது மவுஸை மேசையில் தட்டியதுதான்! வேறொரு கணினியில் அது சாதுவாக இயங்கக் கண்ட பின்னரே, புதுப்பிப்பில் அம்பின் வேக அமைப்பு மாறியிருந்ததையும், பழைய டிரைவர் பூர்வ வாசனைபோல் ஒட்டிக்கொண்டிருந்ததையும் அறிந்தேன். அதை நீக்கிப் புதியதை நிறுவியதும் அம்பு அடங்கிற்று. நிரபராதியைத் தட்டிய கை மட்டும் எவருடைய ஏவலால் எழுந்ததென்று இன்னும் விளங்கவில்லை.