அறுபடக் காத்திருக்கும் அருள்

ஐயனே, உன்னைக் கருவறையில் தேடிய எனக்கு என் ரத்தத்துக்குள்ளேயே காட்சி தந்தாயே!

ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். வாயில் நுழையாத பேர்தான். உனக்கு இருக்கும் ஆயிரம் பேர்களோடு இதுவும் சேரட்டும். 394 அமினோ அமிலங்களைக் கோத்துக் கல்லீரல் அனுப்பும் இந்தப் புரதம் காவல் காப்பதோ நுரையீரலை. கிருமியோடு போராட வரும் வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கக்குகின்றன. கிருமியை அழிக்கும் அதே ஆயுதம், விட்டால் மூச்சுப்பைகளின் மீள்நாரையும் அறுத்துப்போடும். பகை வெளியே இல்லை, நம் படைக்கலமேதான்!

அதை நீ தடுக்கும் விதத்தை என்னவென்பேன்! புரதத்தின் தலைப்பக்கம் ஒரு வளையம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதில் 358ஆம் இடத்தில் மெத்தியோனின், எலாஸ்டேஸுக்கு உகந்த இரை. வெட்டு என்று கழுத்தைக் கொடுக்கிறாய். வெட்டுகிறது. வெட்டிய வாய் விடுபடுவதற்குள், அறுந்த வளையம் பாய்ந்து புரதத்தின் நடுத்தகட்டுக்குள் புதிய இழையாகச் செருகிக்கொள்கிறது. ஒட்டியிருந்த எலாஸ்டேஸ் ஏறத்தாழ 70 ஆங்ஸ்ட்ராம் இழுபட்டு மறுகோடியில் மோதி, வெட்டும் உறுப்பே உருக்குலைந்து கிடக்கிறது. 2000இல் கேம்பிரிட்ஜின் ஹண்டிங்டன், ரீட், காரெல் மூவரும் எலாஸ்டேஸின் குடும்பத்தைச் சேர்ந்த டிரிப்சினை வைத்து இந்த இறுதிக் கோலத்தைப் படிகத்தில் கண்டார்கள். அறிவியலார் இதை எலிப்பொறி என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் கூசுகிறது. குத்தியவனை ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுவிடச் சொன்ன மெய்ப்பொருள் நாயனார்தான் என் கண்ணில் நிற்கிறார். அவரைக் குத்திய முத்தநாதன் உயிரோடு போனான், இந்த எலாஸ்டேஸ் போவதில்லை, அவ்வளவுதான் வேற்றுமை. வெட்டுண்ட காவலும் மீள்வதில்லை. இருவரையும் சேர்த்தே கல்லீரல் வாங்கிக்கொள்கிறது.

எந்நேரமும் தெறிக்கத் தயாராக, முறுக்கேறிய நிலையிலேயே காத்திருக்கிறாயே, அதுவல்லவா உன் வலிமை!

அதுவே உன் நோவும். 342ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் வந்தால் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கல்லீரலிலேயே தேங்குகின்றன. நுரையீரல் காவலற்றுப் போகிறது. 1963இல் சுவீடனின் மால்மோவில் லாரெலும் எரிக்சனும் முதலில் எழுதிவைத்தது இந்தக் குறையைத்தான். போதாததற்குப் புகையிலைப் புகை அந்த மெத்தியோனினையே ஆக்சிஜனேற்றி இரையைச் சப்பென்று ஆக்கிவிடுகிறது. பீடி பிடிப்பவர்களே, யார்மேல் ஊதுகிறீர்கள்!

குறையோடு பிறந்த குழந்தை என்ன பிழை செய்தது என்று உன்னிடம் சண்டையிட்டேன். நீ வாய் திறக்கவில்லை. ஆனால் யார் யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து இதே புரதத்தைப் பிரித்தெடுத்து, வாரம் ஒருமுறை ரத்த நாளத்தில் ஏற்றுகிறார்கள். அழிந்த நுரையீரல் அதனால் திரும்பாது. மேலும் அழிவது மெதுவாகிறது. ஊர் பேர் தெரியாத அடியாரின் ரத்தத்திலிருந்து இன்னொருவர் மூச்சுக்குக் காவலாய் வந்து, மறுபடியும் கழுத்தை நீட்டுகிறாயே, என் அப்பனே!