வீட்டை அவர்களும் பார்க்கிறார்கள்

ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் வரிசையில் பாதி வீடுகளுக்கு மேல் கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். பணிப்பெண் கிடைக்கவில்லை என்ற புலம்பல் ஓயாது. "இப்போதெல்லாம் ரொம்பத்தான் நிபந்தனை போடுகிறார்கள்" என்ற குறையும் கூடவே வரும். போடட்டும். இருபத்து நான்கு மணி நேரமும் கழிக்கப்போகும் வீட்டைப் பற்றி அவர்கள் கேட்காமல் யார் கேட்பது?

அடுத்த தெருவில் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஜாவாக்காரப் பெண் ஒருவர், இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார். சம்பளம் கூட்டித் தருவதாக அந்த வீட்டார் சொல்லியும் நிற்கவில்லை. சில மாதங்களில் குறைந்த சம்பளத்துக்கு வேறொரு வீட்டுக்கு வந்தார். ஏன் என்று கேட்டேன். ஞாயிறு விடுமுறை உண்டு, இரவில் பிள்ளையோடு பேசக் கைப்பேசி கையில் இருக்கிறது, அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது என்றார். கடைசியாகத் தன் கடப்பிதழைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பிறர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் எத்தனையோ பேருடையது முதலாளியின் அலமாரியில்தான் கிடக்கிறது.

இரண்டாண்டு காத்திருந்ததால்தான் அவரால் தேர்ந்தெடுக்க முடிந்தது. பணிப்பெண்ணின் வேலை பெர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அடி தாங்காமல் நடுவில் வெளியேறுகிறவரும் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடக்கூடும். மலேசியாவின் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம்கூட வீட்டுப் பணியாளர்களுக்குப் பொருந்தாது.

தனியொருத்தியால் மறுக்க முடியாதபோது அவள் நாடு மறுத்திருக்கிறது. பணிப்பெண் ஒருவர் கொடுமைப்படுத்தப்பட்ட செய்தி வெளிவந்த 2009 ஜூனில், இந்தோனேசியா மலேசியாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. வார விடுமுறையும் கடப்பிதழைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையும் இரு நாடுகளின் 2011 ஒப்பந்தத்தில் ஏறிய பிறகே தடை விலகியது. 2022இல் இந்தோனேசியப் பணிப்பெண்களுக்கு 1,500 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளமும் எழுத்தில் வந்தது.

மலேசியத் தமிழர்களான நம் கதையும் இதுதானே. ரப்பர் விலை சரிந்து தோட்டத் துரைகள் கூலியைக் குறைத்தபோது, 1938இல் இந்திய அரசு பயணச் செலவு தரப்பட்டு மலாயாவுக்குக் கூலியாட்கள் வருவதைத் தடுத்தது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இன்று பணிப்பெண் தேடும் பல குடும்பங்கள் அதற்கு முன் வந்த கூலிகளின் வழிவந்தவை. எனக்கு இது மனத்தைக் குடைகிறது.

அந்தக் கூலிகளுக்குக்கூட ஓர் உரிமை இருந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறையில் ஆள்சேர்ப்பு நின்றது. பின்னால் ஆள்சேர்க்கும் கங்காணி மூலம் வந்தவர்கள் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போகச் சட்டம் இடம் தந்தது. கங்காணியிடம் பட்ட கடன் பலரைப் பிடித்து வைத்தது உண்மை; உரிமையாவது ஏட்டில் இருந்தது. நம் வீட்டுச் சமையலறையில் நிற்கும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. ஒரு மாத அறிவிப்போடு பெர்மிட்டை அடுத்த வீட்டுக்கு அவரே மாற்றிக்கொள்ளலாம் என்று குடிநுழைவுத் துறை விதி செய்யட்டும். விடுமுறை தராத வீட்டுக்கு அப்புறம் ஆள் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது.