காத்தான்குடிக்கும் போக வேண்டும்

ஆடி, ஆவணி மாதங்களில் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களுக்கு வெளிநாட்டு உறவுகளின் வரவு கூடும். லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வருகிறவர்கள் மாமாங்கத் திருவிழா பார்க்கிறார்கள், கொக்கட்டிச்சோலைக்குப் போகிறார்கள். பலர் ஏதாவதொரு நினைவுத்தூபியின் முன்னும் பிள்ளைகளோடு நின்று விளக்கேற்றுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பிள்ளைகளை எந்த நினைவிடத்துக்குக் கூட்டிப் போகிறோம், எதைக் கடந்து போய்விடுகிறோம் என்பதையும் அறம் கேட்கும்.

1990 செப்டம்பர் 9 அன்று சத்துருக்கொண்டான், பனிச்சையடி, பிள்ளையாரடி, கொக்குவில் ஆகிய ஊர்களின் மக்கள் இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். 180க்கும் மேற்பட்ட உயிர்கள். அவற்றில் பல குழந்தைகளுடையவை. தப்பி வந்து நடந்ததைச் சொன்னவர் ஒரே ஒருவர். இதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் உறவினர்கள் அங்குள்ள நினைவுத்தூபியடியில் கூடுகிறார்கள்.

அதற்கு 37 நாட்களுக்கு முன், ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியின் மீரா ஜும்மா பள்ளிவாசலிலும் ஹுசைனியா பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களிலும் சிறுவர்கள் இருந்தார்கள். மீரா ஜும்மா பள்ளிவாசலின் சுவரில் குண்டு துளைத்த தடங்களைப் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். சத்துருக்கொண்டானிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி அரைமணி நேரத்தில் அங்கே போய்விடலாம். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களின் பயணத்தில் அந்தச் சுவர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

சத்துருக்கொண்டானில் மகனைப் பறிகொடுத்த தாய் காத்தான்குடிக்கும் போய் அழ வேண்டும் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவளுடையது பெற்ற வயிற்றின் துயரம். அதற்கு எல்லை வகுக்க முடியாது. ஆனால் அங்கே சொந்தமென்று ஒருவரையும் இழக்காதவர் கடல் கடந்து வந்து நிற்பது எதனால்? அப்பாவிகளைக் கொன்றது அநியாயம் என்பதால்தான். அந்த அநியாயம் பள்ளிவாசல் வாசலோடு நின்றுவிடாது. அங்கே மட்டும் வாய் மூடிக்கொண்டால், நாம் அழுதது கொல்லப்பட்டவர்களுக்காகவா, நம் பக்கத்து வழக்குக்குச் சாட்சி சேர்க்கவா என்ற கேள்வி எழும்.

எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. அரசு தன் குடிமக்களைக் கொன்றதையும் ஓர் இயக்கம் கொன்றதையும் ஒரே தராசில் வைக்கலாமா? ‘எல்லாத் தரப்பும் தவறு செய்தன’ என்று பேசிப் பேசியே தமிழருக்கான நீதியைத் தள்ளிப்போடுகிறார்களே? இந்தக் கோபம் நியாயமானது. அரசின் பொறுப்பு பெரியது. அதை எந்த இடத்திலும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் காத்தான்குடியில் தலைகுனிவதால் இராணுவத்தின் குற்றம் ஒரு துளியும் குறையாது. கேட்கிற நீதியை மற்றவருக்கும் ஒப்புக்கொள்கிறவரின் குரலுக்குத்தான் எடை கூடும்.

‘முஸ்லிம்கள் நம் தூபிக்கு வருகிறார்களா?’ என்றும் கேட்பார்கள். வரட்டும் என்று காத்திருந்தால் இரு பக்கமும் காத்துக்கொண்டேதான் இருக்கும். காத்தான்குடிக் கொலைகள் தமிழரின் பெயரால் நடந்தவை. இயக்கத்துக்குப் பணமும் ஆதரவும் கொடுத்தவர்களில் பலர் இன்று வெளிநாடுகளில் வாழ்கிறார்கள். முதலில் போகும் கடன் அவர்களுக்கு உண்டு.

அதற்கான சுதந்திரமும் அவர்களுக்குத்தான் அதிகம். 2021 மே 18 அன்று போரில் இறந்தவர்களுக்குக் கிரான் பகுதிக் கடற்கரையில் விளக்கேற்றிய பத்துப் பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி மாதக்கணக்கில் அடைபட்டிருந்தார்கள். ஊரில் இருப்பவர் ஒரு தூபிக்குப் போனால் விசாரணைக்குப் பயப்பட வேண்டும். மற்ற சமூகத்தின் நினைவிடத்துக்குப் போனால் சொந்த ஊரின் பேச்சுக்கும் பயப்பட வேண்டும். விமானச் சீட்டோடு வந்தவர் நாலு வாரத்தில் திரும்பிவிடுவார். அதனால்தான் அவருக்குக் கூடுதல் கவனமும் வேண்டும். தூபியடியில் எடுக்கும் காணொளியில் பதிவாகும் முகங்கள் இங்கேயே வாழப்போகிறவர்களின் முகங்கள். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்கவும் கூடாது, வெளியிடவும் கூடாது.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது சத்துருக்கொண்டானுக்குப் போங்கள். பிள்ளைகளுக்கு அங்கே நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். பிறகு பள்ளிவாசல் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, தொழுகையில்லாத நேரத்தில் அதே பிள்ளைகளைக் காத்தான்குடிக்கும் கூட்டிப் போங்கள். அந்தச் சுவரில் சுட்டது யார் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.